ஓக் காட்டுக்குப் பெண்வீட்டார் வந்தது

அக்கா கடைக்குள் வருவதைக் கண்டால், ஈஸ்ட் ஹாமில் எங்கள் பலசரக்குக் கடைக்காரர் கதையை மாற்றிவிடுவார். அதுவரை யாருடைய மகள் யாரோடு போனாள் என்று கத்தரிக்காய் நிறுத்தபடி விளக்கிக்கொண்டிருந்தவர், திடீரென்று மழையைப் பற்றிப் பேசத் தொடங்குவார். மழையில் ஆபத்தில்லை. கண்ணாடிக்கு வெளியே பெய்துகொண்டிருக்கும். ஆதாரம் கேட்க முடியாது.

ஒருநாள் அவருக்குக் கவனம் பிசகிவிட்டது. இன்னாருடைய மகன் படிப்பை விட்டுவிட்டுச் சூதாட்டத்தில் காசைக் கொட்டுகிறானாம் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் வெண்டிக்காயின் நுனியை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, திரும்பாமலே கேட்டார்.

"எவ்விடம்?"

"எது பிள்ளை?"

"அந்தச் சூதாட்ட இடம். எவ்விடம்?"

"அது... வெஸ்ட் எண்ட் பக்கமாத்தான் இருக்கும்."

"எப்ப?"

"போன கிழமையாக்கும்."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"நான் எங்க காணுறது? நான் விடியத் தொடக்கம் இதுக்குள்ளதானே நிக்கிறன்."

"அப்ப வெண்டிக்காயை நிறுங்கோ."

இதுதான் அக்கா. எவ்விடம், எப்போது, கண்டது யார். இந்த மூன்று கேள்வியால் அவர் ஒரு கதையை நின்ற இடத்திலேயே சாகடித்துவிடுவார். ஈஸ்ட் ஹாமில் அன்றைக்குத் தமிழர்களுக்குப் பொழுதுபோக்கென்று இருந்தது இரண்டுதான். ஒன்று வாடகைக்கு எடுக்கும் வீடியோ நாடா. மற்றது அடுத்தவன் கதை. இரண்டாவதில் அக்கா கையை வைத்தபடியால் பலருக்கு அவரைப் பிடிக்காது. எனக்கும் முதலில் பிடிக்காது. நானும் நாலு கதை வைத்திருந்தவன்தான்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. பெயர் அச்சில் வந்தால், எங்கிருந்தாலும் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்பார். என்னிடம் உள்ள ஒரே ஆதாரம் என் ஞாபகம். அதை அவர் என்றைக்கோ நிராகரித்துவிட்டார்.

அப்போது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. கலியாணம் கட்டவில்லை. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். எங்கள் தெருவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் தனியே இருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு எடுப்பார். அந்த வகுப்பில் அவருக்கு உயிர். மற்ற நாட்களில் லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் வேலை. அங்கே ஹெர்பேரியம் என்று ஒரு பகுதி இருந்தது. செடிகளைக் காயவைத்து, தடித்த தாளில் ஒட்டி, அலுமாரி அலுமாரியாக அடுக்கி வைத்திருக்கும் இடம். நூறு, இருநூறு வருடத்துச் செடியெல்லாம் அங்கே படுத்திருக்கும். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு சீட்டு. எந்த இடத்தில் எடுத்தது, என்றைக்கு, எடுத்தவர் யார். அந்தச் சீட்டுகளைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவதுதான் அக்காவின் வேலை.

"அந்த மூண்டும் இல்லாட்டி, செடி எவ்வளவு வடிவெண்டாலும் அது வைக்கோல்தான் தம்பி" என்று ஒருநாள் சொன்னார்.

செடிகளோடு நின்றிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. அவர் அதை மனிதருக்கும் நீட்டினார்.

நான் அந்தக் காலத்தில் மினிகாப் ஓட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் கூப்பிட்டால் வாசலுக்கு வரும் வாடகைக் கார். ஓட்டினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. வீதிப் படப் புத்தகம் ஒன்றை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பின்சீட்டில் இருப்பவரிடமே வழி கேட்டு, கடைசியில் அவர்தான் என்னைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். விமான நிலையத்துக்கு என்று ஏறிய ஒரு கிழவரை நான் ஆற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். அவர் கப்பலில் போவதாக முடிவெடுத்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

அக்காவை எனக்குப் பிடித்துப்போன நாளைச் சொல்லவேண்டும். ஊரில் சண்டை திரும்பத் தொடங்கிய வருடம். தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை. ஒருநாள் கடையில் வைத்து ஒருவர், "உங்கட ஒழுங்கை முழுக்கப் போச்சாமே" என்றார். ஷெல்லில் தெருவே அழிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஒழுங்கையில்தான் அம்மா தனியே இருந்தார். நான் காருக்குள் போய் இருந்தவன், இறங்கவேயில்லை. ஓட்டவும் இல்லை. வந்த பயணிகள் கண்ணாடியில் தட்டிப் பார்த்துவிட்டு வேறு காரில் போனார்கள்.

அக்கா வந்து முன்கதவைத் திறந்து ஏறினார்.

"ஆர் சொன்னது?"

சொன்னேன்.

"எடும் காரை."

அந்த மனிதரிடம் போனோம். அவர் குட்மேய்ஸில் தலைமயிர் வெட்டும் கடையில் கேட்டதாகச் சொன்னார். குட்மேய்ஸுக்குப் போனோம். வெட்டுகிறவர், தன் மனைவிக்குத் தொலைபேசியில் யாரோ சொன்னதாகச் சொன்னார். யாரோ என்பது யார் என்று அக்கா அந்தக் கடையில் நின்றே கேட்டு வாங்கினார். பாதித் தலை வெட்டிய ஒருவர் துணியைப் போர்த்தபடி காத்திருந்தார். அந்த யாரோ, லண்டனின் மற்ற முனையில், கோலியர்ஸ் வுட்டில் இருந்த ஒரு அம்மா. வழி தவறித் தவறி அங்கே போய்ச் சேர்ந்தபோது அவர் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ பிள்ளை, நான் அப்பிடிச் சொல்லேல்லையே. அந்தப் பக்கம் ஷெல் அடிக்கிறாங்கள் எண்டு ரேடியோவில சொன்னது. அதைத்தான் சொன்னனான்."

"ஒழுங்கை போனதெண்டு?"

"உந்த ஒழுங்கை எங்க இருக்கெண்டே எனக்குத் தெரியாது."

திரும்பி வரும் வழியில் நான் விம்மிக்கொண்டு ஓட்டினேன். அக்கா கைப்பையிலிருந்து பாண் துண்டு இரண்டை எடுத்தார். உள்ளே சம்பல்.

"தம்பி, உம்மட அம்மாவுக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டு நான் சொல்லேல்லை. அது எனக்குத் தெரியாது. நடந்தது எண்டு ஒருதரும் காணேல்லை. அதுமட்டும்தான் எங்களுக்குத் தெரியும். இப்ப சாப்பிடும்."

எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். "கடவுள் இருக்கிறார்", "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றெல்லாம். ஒன்றும் வயிற்றில் இறங்கியதில்லை. அன்றைக்கு அந்தப் பாண் இறங்கியது. மாதங்கள் கழிந்து அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. நான் கடிதம் போடுவதில்லை என்று முழுப்பக்கமும் ஏச்சு.

அதற்குப் பிறகு அக்கா கூப்பிட்டால் போகாமல் இருக்க ஏலாது என்றாகிவிட்டது.

சில வருடம் கழிந்து ஒரு சித்திரை மாதம் கூப்பிட்டார். வேலையில் அவர் கைக்கு ஒரு பழைய தாள் வந்திருந்தது. கடுகுக் குடும்பத்துக் காட்டுச் செடி ஒன்று. லண்டனின் வடமேற்கு ஓரத்தில் ஓர் ஓக் காட்டில் யாரோ ஒரு பாதிரியார் பிடுங்கி ஒட்டியது. அதற்குப் பிறகு அந்தக் காட்டில் அதைக் கண்டதாக ஒரு பதிவும் இல்லை. அந்த இடத்தில் இப்போது அழிந்துவிட்டது என்று ஏற்றிவிடலாம் என்றாராம் மேலாளர்.

"நான் போய்ப் பாக்காமல் இல்லை எண்டு என்னெண்டு எழுதுறது? இருக்கு எண்டு சொல்லவும் ஆள் வேணும், இல்லை எண்டு சொல்லவும் ஆள் வேணும்."

"அதுக்கு அவர் என்ன சொன்னவர் அக்கா?"

"நல்ல மனிசன். அப்ப போய்ப் பார்த்திட்டு வந்து சொல்லுங்கோ எண்டவர். எடும் காரை."

இப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. ஞானோபதேச வகுப்பு முடிந்ததும் அக்கா வெள்ளை மழைக்கோட்டும், யாரோ கோயிலுக்குக் கொடுத்த அகன்ற தொப்பியும் போட்டுக்கொண்டு என் சிவப்புக் காரில் ஏறுவார். காட்டுக்குக் கிட்ட ஒரு பெற்றோல் ஷெட். காசு கட்ட உள்ளே போவது நான் மட்டும்தான். அங்கே ஷிப்ட் செய்தவன் ஒரு தமிழ்ப் பெடியன். "அண்ணை, இந்தப் பக்கம் வழி மாறி வந்திட்டியளோ?" என்று கேட்பான். என் புகழ் அதுவரை பரவியிருந்தது.

கீரையைத் தட்டில் வைத்தால் மட்டும் அடையாளம் தெரிகிற ஆள் நான். காட்டில் எனக்கு எல்லாம் பச்சை. ஆனாலும் சும்மா நிற்கக் கூடாதென்று, பார்த்ததையெல்லாம் கசக்கி மணந்துகொண்டு திரிந்தேன். ஒன்றில் பூண்டு வாசம் வந்தது, பின்னால் கடுகின் காரம்.

"அக்கா, ஓடி வாங்கோ! கண்டுபிடிச்சிட்டன்!"

வந்தார், பார்த்தார்.

"இது உள்ளிக்கடுகு. லண்டன் முழுக்க நிக்குது. உம்மட வீட்டுப் பின்வேலிக்குள்ளயும் நிக்குது."

"குடும்பம் ஒண்டுதானே அக்கா?"

"நீரும் உம்மட பெரியப்பாவும் ஒரு குடும்பம்தான். அதுக்காக மாப்பிள்ளை எண்டு அவரைக் கொண்டுபோய்க் காட்டேலுமே?"

அப்போது எனக்குக் குட்மேய்ஸில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் வங்கியில் வேலை. சின்ன வயதில் வந்தவள். ஆங்கிலம்தான் ஓடும், தமிழ் கொஞ்சம் நடந்து வரும். பெரியவர்கள் முன்னிலையில் இரண்டு தடவை கதைத்திருந்தோம். கிழவரை ஆற்றங்கரையில் விட்ட கதையைச் சொன்னேன். மாப்பிள்ளை சொல்லக்கூடிய கதையா அது? அவள் தேநீர் மூக்கில் ஏறச் சிரித்தாள். அன்றிலிருந்து எனக்கு வேறு யாரும் வேண்டாமென்றாகிவிட்டது.

செடியைக் கண்டது நான்தான். பெருமைக்குரிய விதத்தில் அல்ல. மே மாதத்தில் ஒரு ஞாயிறு, தூறல். அவசரத்துக்கு ஒரு ஓக் மரத்தின் பின்னால் ஒதுங்கினேன். குனிந்து பார்த்தால், முழங்கால் உயரத்தில் மெல்லிய தண்டு. உச்சியில் வெளிறிய ஊதாவில் நாலு இதழ்ப் பூ. ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் மிளகு போல ஒரு கறுப்பு மணி. இந்த மணியைப் பற்றித்தான் அக்கா வரும்போதெல்லாம் ஓதிக்கொண்டிருந்தார். விதையை நம்பாத செடியாம். மணி உதிர்ந்து முளைக்குமாம். ஆகையால் வெகுதூரம் போகாதாம்.

கூப்பிட்டேன். அக்கா வந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். மழை முகத்தில் ஓடியது. பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு, பென்சிலை எடுத்தார்.

"என்னெண்டு கண்டனீர்?"

"சும்மா... கண்ணில பட்டுது."

"உண்மையைச் சொல்லும்."

"ஒதுங்க வந்தனான் அக்கா."

"செடிக்கு மேலயோ?"

"சத்தியமா ஒரு முழம் தள்ளி!"

"நல்லது. இந்தக் குடையைச் செடிக்குப் பிடியும். நான் வரையவேணும்."

செடியின் உயரத்துக்குக் குடை பிடிக்கவேண்டுமென்றால் முழங்காலில்தான் நிற்கவேண்டும். நின்றேன். அக்கா எனக்கு முன்னால் நிமிர்ந்து நின்று வரைந்தார். அளவு பார்க்க இடைக்கிடை என் தலைக்கு மேலால் கையை நீட்டினார். பிறகு ஒரேயொரு தண்டை வெட்டி, பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாளுக்குள் வைத்து மடித்தார். அது அருங்காட்சியகத்தில் தாளில் ஏறியபோது, சீட்டில் கண்டவர்கள் என்று அவர் பெயரோடு என் பெயரும் ஏறியது. அதுவரை இந்த நாட்டில் என் பெயர் எழுதப்பட்ட இடம் பார்க்கிங் அபராதச் சீட்டு மட்டும்தான். அன்று கார் ஓட்டும்போது இரண்டு தடவை கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டேன்.

குடை பிடித்த நேரத்தில், பெற்றோல் ஷெட் பெடியன் ஷிப்ட் முடிந்து காட்டோரப் பாதையால் பஸ் தரிப்பிடத்துக்குப் போயிருக்கிறான். அதை நாங்கள் காணவில்லை. அவன் எங்களைக் கண்டான்.

கதை ஜூன் மாதம் குட்மேய்ஸுக்கு வந்து சேர்ந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு வெள்ளைக்காரி. காட்டுக்குள்ளே சந்திப்பு. இவர் முழங்காலில் நின்று கெஞ்சுகிறார், அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறாள்.

பெண்ணின் தாயார் தொலைபேசியில், "உடன வாரும்" என்றார். எனக்கு இங்கே பெரியவர்கள் என்று யாருமில்லை. சம்பந்தம் பேசப் போனபோதும் அக்காதான் என் பக்கத்து ஆளாக வந்தவர். இப்போதும் வந்தார். காரில் வரும்போது நான் கெஞ்சினேன், இம்முறை உண்மையாகவே.

"அக்கா, அது நீங்கள் எண்டு சொல்லிப்போடாதைங்கோ. கலியாணம் கட்டாத பொம்பிளை. ஞாயிறு ஞாயிறா ஒரு பெடியனோட காட்டுக்குள்ள எண்டா, ஒருதாயும் தன்ர பிள்ளையை உங்கட வகுப்புக்கு விடாள். உங்கட மூண்டு கேள்வியைக் கேளுங்கோ. கதை தானாச் செத்துப்போகும்."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னறையில் தாயார், தகப்பன், தாயாரின் தங்கை. பெண் மாடிப்படியில் இருந்தாள். தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடியது. தாயார் கதையைச் சொல்லி முடித்ததும் அக்கா கேட்டார்.

"எவ்விடம்?"

தாயார் காட்டின் பெயரைச் சரியாகச் சொன்னார்.

"எப்ப?"

"மே மாசம். ஞாயிறு பின்னேரம். மழை தூறினது."

"கண்டது ஆர்?"

"என்ர தங்கச்சியின்ர மச்சான். பெற்றோல் ஷெட்டில நிக்கிறவன். தன்ர ரெண்டு கண்ணால கண்டவன். இவற்ற சிவப்புக் காரும் நிண்டது."

ஈஸ்ட் ஹாம் தொடங்கி குட்மேய்ஸ் வரை உலாவிய கதைகளிலேயே மூன்று கேள்விக்கும் விடையோடு வந்த முதல் கதை அது. போயும் போயும் என் வாழ்க்கையைத் தேடி வந்தது.

அக்கா தலையை ஆட்டினார். "சரியான தகவல்" என்றார்.

நான் கம்பளத்தைப் பார்த்தேன். நல்ல கம்பளம்.

"ஒண்டு மட்டும் பிழை. அது வெள்ளைக்காரி இல்லை. நான்."

தகப்பன் எழுந்துபோய்த் தொலைக்காட்சியை அணைத்தார்.

"நீங்களோ?" என்றார் தாயார். "இவரோடயோ? காட்டுக்குள்ளயோ?"

"ஓம். நாலு ஞாயிறு."

"என்னத்துக்கு?"

"ஒரு செடி பாக்க. கடுகுக் குடும்பம்."

"கடுகு எங்கட குசினியில போத்தில் நிறையக் கிடக்கு!"

"மாமி, இது வேற..." என்று நான் தொடங்கினேன்.

"நீர் இன்னும் என்னை மாமி எண்டு சொல்லவேண்டாம்."

தாயாரின் தங்கை அக்காவை மேலும் கீழுமாகப் பார்த்தார். "ஏன் பிள்ளை, பேசாமல் இருந்திருந்தா வெள்ளைக்காரி எண்டே போயிருக்குமே. உமக்கு ஏன் இந்த வேலை?"

"அப்பிடி விட்டா அது பிழையாவெல்லே நிக்கும்" என்றார் அக்கா. குரலில் வீரமெல்லாம் இல்லை. கணக்கில் ஒரு இலக்கத்தைத் திருத்துகிற குரல். ஆனால் மடியில் கைப்பையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். தான் எதைக் கொடுக்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மாடிப்படியிலிருந்து குரல் வந்தது. "அம்மா, எனக்கு அந்தச் செடியைப் பாக்கவேணும்."

மியூசியத்தில் காய்ந்தது இருக்கிறது, வந்து பார்க்கலாம் என்றார் அக்கா. "காய்ஞ்ச இலை என்ன, ஈஸ்ட் ஹாமிலயும் வாங்கலாம்" என்றார் தாயார். "நிக்கிற இடத்தில காட்டுங்கோ. செடி நிண்டால் மிச்சக் கதை. நிக்காட்டி இவர் தன்ர வழியைப் பார்க்கட்டும்."

"இனி அது வாடுற காலம்" என்றார் அக்கா. "நிக்குமோ தெரியாது."

தகப்பனுக்கு ஷிப்ட் இல்லாத ஞாயிறு கிடைத்தபோது ஜூலை பிறந்துவிட்டது. இரண்டு கார். தாயார் காஞ்சிபுரம் சேலைக்கு மகனின் விளையாட்டுச் சப்பாத்து போட்டிருந்தார். தகப்பன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். தங்கையின் கையில் வடையும் தேநீர் போத்தலும். வழக்கமாக மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் பார்க்கப் போவார்கள். எனக்கு, பெண்வீட்டார் ஒரு செடியைப் பார்க்கப் போனார்கள். நான் முன்னால் ஓட்டியபடியால் எல்லோரும் ஊரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்கள்.

மே மாதத்தில் வெளிச்சமாக இருந்த காடு இருண்டு போயிருந்தது. ஓக் இலை மேலே மூடிவிட்டது. கீழே தொட்டால் சொறியும் காஞ்சோண்டியும் சேறும், காதைச் சுற்றிப் பாடும் நுளம்பும். எனக்கு மரத்தைத் தெரியும், மறக்கக்கூடிய மரமா அது? அதன் அடியில் ஒன்றும் இல்லை. பழைய இலைச் சருகு மட்டும்.

அக்கா முழங்காலில் இருந்து சருகை விலக்கினார். விரலால் தடவித் தடவி ஒரு மணியாவது உதிர்ந்து கிடக்கிறதா என்று தேடினார். தாயார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெண் ஓக் மரத்தில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டடி தள்ளி உள்ளிக்கடுகு ஆளுயரத்துக்கு நின்றது. நான் குனிந்து அக்காவின் காதுக்குள் சொன்னேன். "அக்கா, அதைக் காட்டுங்கோ. இவைக்கு என்ன விளங்கும்?"

அக்கா எழுந்து சேற்றைத் துடைத்தார்.

"இல்லை" என்றார். "இண்டைக்கு இஞ்ச இல்லை. மேல வாடி, கிழங்கு நிலத்துக்குள்ள கிடக்கும். இல்லாட்டிச் செத்திருக்கும். எனக்குத் தெரியாது."

"அப்ப இவ்வளவு தூரம் எங்களை என்னத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"நீங்கள் கேட்டனீங்கள். வந்தம். பாத்தம். இல்லை."

முடிந்தது என்று நினைத்தேன். தகப்பன் பாயை மற்றக் கக்கத்துக்கு மாற்றினார். திரும்பிப் போவதற்குத்தான் என்று எனக்குப் பட்டது.

அப்போது அவள் பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகச் சொன்னாள். "அம்மா, சுத்திப் பாருங்கோ. எத்தினை செடி நிக்குது. ஏதாவது ஒண்டைக் காட்டி இதுதான் எண்டு ஆன்ட்டி சொல்லியிருந்தா, நாங்கள் நம்பியிருப்பம்தானே? எங்களுக்கு என்ன தெரியும்? அவ இல்லை எண்டுதானே சொன்னவ. அப்ப மே மாசம் இருந்தது எண்டு சொன்னதும் உண்மை. ரெண்டு பேரும் செடிதான் பார்த்தவை எண்டதும் உண்மை."

தாயார் சுற்றிப் பார்த்தார். காடு முழுவதும் செடி.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க இப்ப ஆன்ட்டியின்ர காதுக்குள்ள என்ன சொன்னீங்க?"

"நானோ? சேறு, கவனம் எண்டு..."

"இல்லை" என்றார் அக்கா. "வேற செடியைக் காட்டச் சொன்னவர்."

ஓக் மரம் ஒன்று விழுந்து என்னை மூடியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள். தேநீர் இல்லாமலே மூக்கில் ஏறிய சிரிப்பு. அதுவரை வாய் திறக்காத தகப்பன் சொன்னார், "உவர் அவ்வளவு பயப்பிடுறார் எண்டா, பிள்ளையில விருப்பம்தான் போல கிடக்கு."

தாயார் சிரிக்கவில்லை. தகப்பனின் கக்கத்திலிருந்து பாயை இழுத்து, சேறில்லாத இடம் பார்த்து விரித்தார். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"இரும் பிள்ளை. வடை ஆறுது."

என் கலியாணம் நிச்சயமானது அந்தப் பாயில்தான்.

அதற்கான செலவு அக்காவின் கணக்கில் விழுந்தது. கதை பரவியது. இரண்டு குடும்பம் பிள்ளைகளை வகுப்பிலிருந்து நிறுத்தின. ஒரு குடும்பம் திரும்பி வரவே இல்லை. கோயிலில் பூசை வைக்கும் சுவாமியார் கேட்டபோது, இடம், நாள், ஆள் மூன்றையும் சொல்லியிருக்கிறார். சுவாமியார் அவரை விலக்கவில்லை. ஆனாலும் காலியாகிப்போன கதிரைகளுக்கு முன்னால் அவர் பல மாதம் பாடம் எடுத்தார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "நீர் என்ன செய்தனீர்? குடை பிடிச்சனீர்" என்று அனுப்பிவிட்டார்.

அவருக்காக வாதாட நின்றவர் என் மாமியார். சேலைக் கடையில் யாரோ அந்தக் காட்டுக் கதையைத் தொடங்க, மாமி சேலையை மடித்துக்கொண்டே சொன்னாராம். "அந்தக் காட்டுக்கு நானும் போனனான். நுளம்பு திண்டு போட்டுது. அதுக்குள்ள ஒரு மனிசி செடி பாக்க மட்டும்தான் போகும், வேற ஒண்டுக்கும் போகேலாது."

அடுத்த சித்திரையில் ஒருநாள் தெருவோரத் தொலைபேசிப் பெட்டியிலிருந்து அக்கா கூப்பிட்டார். பஸ்ஸில் தனியே போயிருக்கிறார். "நிக்குது. ஒன்பது தண்டு" என்றார். காசு முடிந்து தொலைபேசி நின்றுவிட்டது. மாமிக்குச் சொன்னேன். "நான் அப்பவே சொன்னனான்" என்றார். சொல்லவில்லை.

அக்கா இப்போது இல்லை. கலியாண வீடியோவில் இருக்கிறார். அந்தக் காலத்து வழக்கப்படி வீடியோக்காரர் சாப்பாட்டு மேசைகளுக்குள் ஒலிவாங்கியோடு திரிந்து, ஒவ்வொருவரிடமும் மாப்பிள்ளையைப் பற்றி இரண்டு வார்த்தை வாங்கினார். தங்கமான பிள்ளை, பொறுப்பான பிள்ளை, குடிவெறி தெரியாத பிள்ளை என்று என்னை ஒருநாளும் கண்டிராதவர்களெல்லாம் சொன்னார்கள். கேட்கக் கேட்க, அப்படி ஒருவன் இருந்தால் நானே கட்டியிருப்பேன் என்று தோன்றியது. பிறகு ஒலிவாங்கி அக்காவிடம் போனது. வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. அவர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். வெகுநேரம் யோசித்தார். வீடியோக்காரர் கையை மாற்றிப் பிடித்தது படத்தின் ஆட்டத்தில் தெரியும்.

"மாப்பிள்ளை நல்லவரோ எண்டு எனக்குத் தெரியாது" என்றார். "அதை இனித்தான் இந்தப் பிள்ளை பார்த்துச் சொல்லவேணும். கூப்பிட்ட ஒரு நாளும் இவர் வராமல் விட்டதில்லை. மழைக்கும் வந்தவர். அதுமட்டும் நான் கண்டது."

சொல்லிவிட்டு வடையை எடுத்தார்.

எங்களுக்குள் சண்டை வரும் நாட்களில் மனைவி அந்த இடத்தைப் போட்டுப் பார்ப்பாள். மற்றவர்கள் புகழ்ந்ததையெல்லாம் வேகமாக ஓடவிட்டு அதில் மட்டும் நிறுத்துவாள். பிறகு என்னைப் பார்த்து, "சரி, வாங்கோ சாப்பிட" என்பாள்.